ஒரு கொக்கி, ஒரு கண்ணி, இரண்டே முக்கால் ஏக்கர் போர்வை: தெரியுமா உங்களுக்கு?

வடாலா ரோடு ஸ்டேஷன். காலை நேரக் கூட்டம். லேடீஸ் டப்பாவில் ஜன்னலோரம் இடம் பிடித்த மறுநிமிடம் எங்கள் அக்காவின் பையிலிருந்து நுனியில் கொக்கி வைத்த குரோஷா ஊசி வெளியே வந்துவிடும். இடது கைச் சுண்டுவிரலில் நூல் ஒரு சுற்று, ஆள்காட்டி விரல் மேல் ஓர் ஓட்டம், அவ்வளவுதான், ஆரம்பம்! ஷிவ்ரி வருவதற்குள் மடியில் பொட்டு அளவு ஒரு வட்டம். காட்டன் கிரீனில் அது ரூபாய் நாணயம். சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு தாண்டும்போது சின்னக் கிண்ணம்! போகையில் பாதி, வருகையில் மீதி, ஆக நாளுக்கு ஒரு தொப்பி. யாருக்கு? பேரனுக்கா? குறைமாதத்தில் பிறந்து ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிற, அக்கா முகமே பார்க்காத ஏதோ ஒரு பிள்ளைக்கு!

"அக்கா, ஒண்ணு போட எத்தன கண்ணி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"செத்த இரு ளா, எண்ணிக்கை தப்பிரும்."

நாற்பது வருஷ மும்பை வாசம் திருநெல்வேலியை அவர் நாக்கிலிருந்து அசைக்கவே இல்லை. அன்றைக்கு அவர் பதில் சொல்லாததால்தான் நானே தோண்ட ஆரம்பித்தேன். தோண்டத் தோண்ட, அடேயப்பா!

முதலில் அந்த ஊசி. இரண்டு ஊசி வைத்து ஸ்வெட்டர் பின்னுகிறவர்களிடம் கேளுங்கள், ஒரே சமயத்தில் நூறு கண்ணிகூட ஊசியில் வரிசையாகத் தொங்கும். குரோஷாவில்? பெரும்பாலும் ஒன்றே ஒன்று! ஒரு கண்ணி முடிந்தால்தான் அடுத்தது. மேஜை விரிப்பானாலும் கட்டில் விரிப்பானாலும் கடைசி வரைக்கும் உயிரோடு இருப்பது அந்த ஒற்றைக் கண்ணிதான். அது நழுவி, நுனியும் யார் கையிலாவது மாட்டி இழுபட்டால், ஒரு மாத வேலை ஒரு நிமிடத்தில் நூலாகிவிடும். ரயில் குலுங்கும்போதெல்லாம் அக்கா கட்டைவிரலால் அந்தக் கண்ணியை அமுக்கிக்கொள்வது ஏன் என்று இப்போது புரிகிறதா?

இதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்று. ராக்கெட் விடுகிறோம், ரோபோ வைத்து அறுவை சிகிச்சை செய்கிறோம். ஆனால் கையால் போடும் குரோஷாவை அப்படியே போட்டு ஆலையில் குவிக்கும் மெஷின் இன்றுவரை சந்தைக்கு வரவில்லை, தெரியுமா? ஆய்வுக்கூடங்களில் முயற்சிகள் நடக்கின்றன, அவ்வளவுதான். 'குரோஷா மெஷின்' என்ற பெயரில் ஆலைகளில் ஓடுவது வேறு வகைப் பின்னல், பார்வைக்கு மட்டும் இதுபோல இருக்கும். ஆகவே தாதர் நடைபாதையிலோ, கண்ணாடி போட்ட ஷோரூமிலோ நிஜக் குரோஷாப் பை ஒன்று தொங்கினால், எங்கோ ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணியாகக் கையால் இழுத்தது அது. விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு, பிறகு அந்தக் கையை நினைத்துப் பாருங்கள். கணக்கு உதைக்கும். இந்தக் கணக்குக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

அதற்குள் என் அவமானம் ஒன்று. நானும் போடுகிறேன் பேர்வழி என்று இணையத்திலிருந்து ஒரு தொப்பிக் குறிப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'டபுள் குரோஷே' என்று இருந்தது, பள்ளிக்கூடத் தையல் வகுப்பில் படித்தபடி போட்டேன். வந்தது தொப்பி அல்ல, இட்லித் தட்டுக்கு மூடி! அக்கா வாங்கிப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் பாதி டப்பா திரும்பிப் பார்த்தது. விஷயம் இதுதான்: அமெரிக்கர்கள் 'டபுள்' என்று சொல்வதை ஆங்கிலேயர்கள் 'ட்ரெபிள்' என்பார்கள், ஆங்கிலேயரின் 'டபுள்' அமெரிக்காவில் 'சிங்கிள்'. ஒரே பெயர், உயரம் மட்டும் வேறு! நம் தையல் டீச்சர்கள் வெள்ளைக்காரன் கணக்கில் சொல்லிக்கொடுத்தார்கள், இணையம் அமெரிக்கக் கணக்கில் பேசுகிறது. நடுவில் நசுங்கியது என் தொப்பி.

வெள்ளைக்காரன் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் ஹார்பர் லைன் போய் நிற்கும் சிஎஸ்எம்டி ஸ்டேஷனுக்கு 1996 வரை யார் பெயர்? விக்டோரியா! அந்த அம்மாளும் குரோஷாக்காரிதான், தெரியுமா? தென்னாப்பிரிக்காவில் போயர் போர் நடந்தபோது, 1900-இல், எண்பது வயது கடந்த மகாராணி தன் கையாலேயே எட்டு ஸ்கார்ஃப் போட்டார். நாலு பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு. மற்ற நாலும் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கப் படைகளில் ஆளுக்கொருவருக்கு. ஆஸ்திரேலியருக்குப் போன ஸ்கார்ஃப் இன்றும் அங்கே போர் நினைவகத்தில் இருக்கிறது. சாம்ராஜ்யத்துக்கே சொந்தக்காரி, பரிசு கொடுக்க நினைத்தபோது கையில் எடுத்தது கொக்கி ஊசியை!

ஆனால் அவருடைய ஆட்சியிலேயே, பக்கத்துத் தீவில் இதே கொக்கி சோறு போட்டுக்கொண்டிருந்தது. 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. கொத்துக் கொத்தாகச் சாவு. அப்போது கார்க் நகரப் பக்கம் கன்னியாஸ்திரீகளும், குளோன்ஸ் ஊரில் கசாண்ட்ரா ஹேண்ட் என்ற பாதிரியார் மனைவியும் பட்டினிக் குடும்பங்களுக்குக் குரோஷா லேஸ் போடக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு வீட்டில் ரோஜா மட்டும், இன்னொரு வீட்டில் இலை மட்டும், எல்லாவற்றையும் கடைசியில் ஒருவர் சேர்த்துக் கோப்பார். தங்கள் பூவின் சூட்சுமத்தை வெளியாருக்குக் காட்டாத குடும்பங்களும் உண்டு என்பார்கள். பஞ்சத்தில் பிழைத்த அந்தப் பூக்கள் லண்டன், பாரீஸ் சீமாட்டிகளின் கழுத்தில் ஏறின!

அயர்லாந்துக்கும் முன்னாலேயே நம் நாஞ்சில் நாட்டில் நடந்தது தெரியுமா? 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் பாதிரியார் சார்லஸ் மால்ட். அவர் மனைவி மார்த்தா. மிஷன் பள்ளிப் பெண்களுக்கு மார்த்தா அம்மையார் லேஸ் கற்றுக்கொடுத்தார். கொக்கி ஊசி அல்ல இது. திண்டின் மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போடும் வகை. குரோஷாவுக்குப் பெரியம்மா மகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் அடிமைகள். ஆமாம், அடிமைகள்! திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-இல்தான் ஒழிந்தது. அதற்கு முன்பே லேஸ் விற்ற காசைச் சேர்த்து வைத்துத் தங்களையே விலை கொடுத்து மீட்டுக்கொண்ட பெண்கள் அங்கே இருந்தார்கள்! நூல்வலை போட்டு விடுதலை!

மால்ட் தம்பதியின் மகள் எலைசாவைக் கட்டியவர் யார் தெரியுமா? 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' எழுதிய நம் கால்டுவெல்! மாமனார் வீட்டு லேஸ் எலைசாவோடு கால்டுவெல்லின் இடையன்குடிக்கும் வந்து சேர்ந்தது. கால்டுவெல் ஐயர் இலக்கணம் எழுத, அம்மா ஊர்ப் பெண்களுக்கு லேஸ் சொல்லிக்கொடுத்தார். தேரிக்காட்டுச் செம்மண்ணில் உட்கார்ந்து வெள்ளை லேஸ்! எப்படித்தான் அழுக்காகாமல் பார்த்துக்கொண்டார்களோ.

இப்போது அந்த உதைக்கும் கணக்கு. ஆந்திராவில் கோதாவரிக் கரையோரம் நரசாப்பூர். அங்கேயும் மிஷன்காரர்கள் விதைத்ததுதான், ஆனால் அது சுத்தமான குரோஷா. 2024-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. 1970-களின் கடைசியில் மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் அங்கே போய்த் தங்கிப் பார்த்தார். வீட்டு வேலையெல்லாம் போக தினமும் ஆறு, எட்டு மணி நேரம் பெண்கள் லேஸ் போடுகிறார்கள். சரக்கு கப்பலேறிச் சீமைக்குப் போகிறது. ஏற்றுமதி செய்யும் ஆண்கள் மாடிமேல் மாடி கட்டுகிறார்கள். போடுகிற பெண்ணுக்கோ விவசாயக் கூலி அளவுக்குக்கூட வருமானம் இல்லை! ஏன் என்றால், "அவங்க வேலைக்கா போறாங்க? சும்மா வீட்ல இருக்கிற நேரத்துல போடுறாங்க." 1982-இல் மீஸ் எழுதிய புத்தகம் இந்தச் 'சும்மா'வைத்தான் பிரித்து மேய்ந்தது.

எங்கள் டப்பாவிலும் அதே 'சும்மா' உண்டு. ஒருநாள் எதிர் சீட்டுப் பெண், "இதை வித்தா நல்லாப் போகுமே" என்று ஆரம்பித்தாள். அக்கா ஊசியை நிறுத்தவில்லை. "நூத்தம்பது ரூவான்னு சொன்னேன்னு வையி, கடையில அம்பதுக்குக் கெடைக்கேன்னு சொல்லுவா. சும்மா குடுத்தா கையெடுத்துக் கும்பிடுதா. எனக்குக் கும்புடு போதும் ளா." எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் அந்த ஊசியின் வேகத்துக்கு எதிரே வாதாட வாய் வரவில்லை.

நூல் எங்கிருந்து வருகிறது என்பதும் ஒரு கதை. அக்காவின் பையில் உருளும் 'ஆங்கர்' நூலுண்டையை இந்தியாவில் பிரபலமாக்கியது மதுரா கோட்ஸ். அதன் வேரைத் தேடிப் போனால் 1885-இல் பாபநாசம் அருவித் தண்ணீரில் ஓட ஆரம்பித்த ஹார்வி மில்லில் போய் நிற்கும்! தாமிரபரணி சுற்றிவிட்ட சக்கரம்! போதாக்குறைக்கு நாம் தினமும் தாண்டும் ஸ்டேஷன் பெயரே காட்டன் கிரீன். பருத்தி மூட்டைகள் வந்து குவிந்த இடம். 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுச் சண்டை வந்து அங்கிருந்து பருத்தி நின்றதும், பம்பாயில் பருத்திக்குப் பொன் விலை. நாலே வருஷத்தில் சண்டை முடிந்தது, விலை விழுந்தது, பெரிய பெரிய சேட்டுகளெல்லாம் திவால். அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே அக்கா பருத்தி நூலில் கண்ணி போட்டுக்கொண்டு போகிறார்!

சரி, தலைப்பில் சொன்ன ஏக்கருக்கு வருவோம். மண்டேலா மறைந்த 2013 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் கரோலின் ஸ்டெய்னுக்கு மண்டேலாவின் உதவியாளர் ஒரு சவால் விட்டார்: ஏழைகளுக்கு 67 போர்வை பின்னிக் கொடு பார்க்கலாம்! அறுபத்தேழு ஏன்? மண்டேலாவின் பொதுவாழ்வு 67 ஆண்டுகள். அது ஊர்கூடித் தேராகி, 2015-இல் உலகின் மிகப் பெரிய குரோஷாப் போர்வை என்று கின்னஸில் ஏறியது. சென்னைப் பெண்கள் விடுவார்களா? சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்து 2016 ஜனவரி 31 அன்று விரித்த போர்வையின் பரப்பு 11,148.5 சதுர மீட்டர்! புரியவில்லையா? இரண்டே முக்கால் ஏக்கர்! இன்னும் புரியவில்லையா? மும்பைக்காரர் கணக்கில் சொல்கிறேன்: 400 சதுர அடி ஃபிளாட் முந்நூறு! சாதனை எழுதி முடித்ததும் போர்வையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆதரவற்றோருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதே வருஷம் ஏப்ரலில் தென்னாப்பிரிக்கர்கள் 17,000 சதுர மீட்டரைத் தாண்டிப் பட்டத்தைத் திரும்பப் பிடுங்கினார்கள், எங்கே வைத்து? மண்டேலா 1990-இல் விடுதலையாகி வெளியே நடந்து வந்த அதே சிறை வளாகத்தில்! சென்னைக் குழு சோர்ந்ததா? 2017-இல் 14 கிலோமீட்டர் நீள ஸ்கார்ஃப். வடாலாவிலிருந்து சிஎஸ்எம்டி வரை விரித்துக்கொண்டு போய், பாதி தூரம் திரும்பியும் வரலாம். 2018-இல் 58,917 குரோஷாப் பொம்மைகள்!

கணக்கு வாத்தியார்களையும் இந்தக் கொக்கி விட்டுவைக்கவில்லை. வளைந்து வளைந்து விரியும் 'ஹைபர்போலிக்' தளம் என்று ஒன்று உண்டு. காகிதத்தில் ஒட்டிச் செய்தால் கிழிந்து தொலைக்கும். 1997-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டைனா டைமினா குரோஷா ஊசியை எடுத்தார். சில கண்ணிக்கு ஒன்று வீதம் கூட்டிக்கொண்டே போனார். ஓரம் சுருள, சுருள... வந்துவிட்டது! அது எப்படி இருக்கும் என்று பார்க்க அமெரிக்கா போக வேண்டாம். மாட்டுங்கா பூக்கடையில் கோழிக்கொண்டைப் பூ வாங்கி விரித்துப் பாருங்கள், அதேதான்!

டென்மார்க்கில் 2013-இல் ஆரம்பித்தது இன்னும் விசித்திரம். குறைமாதக் குழந்தைகளுக்குக் குரோஷாவில் ஆக்டோபஸ்! சுருள்சுருளான கால்களைப் பிடித்துக்கொள்ளும் குழந்தைக்கு அது தொப்புள்கொடி போலத் தோன்றும், மூக்கில் வயிற்றில் போகும் குழாய்களை இழுக்காது என்று பெற்றோரும் நர்ஸ்களும் சொல்கிறார்கள். மருத்துவ ஆய்வு அதை அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால் கால் நீளம் இழுத்துப் பிடித்தாலும் 22 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்ற விதி மட்டும் கறார், கழுத்தில் சுற்றிவிடுமே!

நமக்கு ரொம்பப் பக்கத்தில் ஒன்று. மார்பகப் புற்றுநோயில் மார்பை எடுத்துவிட்ட பெண்களுக்கு சிலிகோன் மார்பு உண்டு. விலை அதிகம், கனம் அதிகம், மும்பை வியர்வையில் கேட்கவே வேண்டாம். அதற்குப் பதில் பருத்தி நூலில் பின்னி, பஞ்சு போன்ற லேசான நார் அடைத்த மார்பு! மும்பையின் சாயிஷா இந்தியா ஃபவுண்டேஷன் பெண்கள் இதைச் செய்து இலவசமாகவே கொடுக்கிறார்கள். ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு ரயிலில் நம் பக்கத்திலேயே யாராவது நின்றிருக்கலாம், தெரியவே தெரியாது. தெரியக்கூடாது என்பதுதானே வேலைப்பாடு.

அக்காவின் தொப்பிக்கு அளவு எடுப்பது எப்படி என்று கடைசியாகக் கேட்டேன். இருபத்தெட்டு வாரத்தில் பிறந்த பிள்ளையின் தலைச்சுற்றளவு 25 சென்டிமீட்டர் பக்கம்தான் இருக்கும். அதை எந்தத் தலையில் போட்டுப் பார்ப்பது? அக்கா பையைத் துழாவி ஒரு பெரிய சாத்துக்குடியை எடுத்தார். முடித்த தொப்பியை அதன்மேல் மாட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். காது மறைகிற இடம் என்று விரலால் ஒரு கோடு காட்டினார். மஞ்சள் தொப்பி, பச்சைத் தலை. எதிர் சீட்டுக் குழந்தை அதற்கு டாட்டா காட்டியது.

மஸ்ஜித் தாண்டியதும் தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, அதே சாத்துக்குடியை உரித்து எனக்கு நாலு சுளை நீட்டினார்.