தோட்டத்தில் ஒரு மரக் கொட்டில்: இருவர் சேர்ந்து அமைக்கும் முறை

அளவெட்டியிலே நெல்லும் வெங்காயமும் மரக்கறியும் செய்யும் கமக்காரர் பலருக்குக் கருவிகளை வைக்கத் தனியிடம் இல்லை. மண்வெட்டி தாவாரத்தில் நனைந்து துருப்பிடிக்கிறது. தெளிகருவி மாட்டுக்கொட்டிலிலே கிடக்கிறது. பூச்சிநாசினிப் போத்தலோ சமையலறை இறப்பிற் செருகப்படுகிறது. இவற்றுட் கடைசியாகக் கூறியதே மிகவும் அஞ்சத்தக்கது. குழந்தையின் கைக்கு எட்டாத இறப்பு எந்த வீட்டிலும் இல்லை. பத்தடி நீளமும் எட்டடி அகலமுங் கொண்ட மரக் கொட்டிலொன்று இக்குறையைத் தீர்க்கும். அதனை அமைக்கத் தச்சர் வேண்டுமென்பதில்லை. கமக்காரரும் நண்பர் ஒருவரும் போதும். இதற்குக் கூலி பேசுவாரில்லை. நண்பர் வெங்காயங் கிண்டும் நாளில் மற்றவர் அங்கே போய் நிற்பார்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்வதால், செப்தெம்பர் முடியுமுன் கூரை வேய்ந்துவிடுதல் நன்று.

மரத்துக்கு முதிர்ந்த பனையே சிறந்தது. ஆயினும் வாளை எடுக்குமுன் ஒன்றை அறிதல் வேண்டும். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறித்தலாகாது. முதலிற் கிராம அலுவலரிடம் கேட்டறிக. பழைய வீடுகளிற் கழற்றிய வளைகளும் கைமரங்களும் கிடைப்பின் அவையே மலிவு. கோடரிப் பிடியினால் தட்டிப் பார்த்து, பொள்ளென்று ஒலிப்பவற்றை விலக்குக. பனையின் வைரம் வெளிப்புறத்திலேயே உண்டு. உட்புறத்துச் சோற்றியைச் செதுக்கி நீக்காவிடின் உக்கல் அங்கிருந்தே தொடங்கும்.

கொட்டிலின் முகடு வடக்குத் தெற்காக அமைக. வாடைக்காற்று மழையை வடகிழக்கிலிருந்து கொணர்வதால், கதவைத் தெற்குப் பக்கத்தில் வைத்தல் வேண்டும். நான்கு மூலைக்கும் முளையடித்து, ஒருவர் ஒரு முளையிலும் மற்றவர் எதிர் முளையிலும் கயிற்றைப் பிடித்துக் குறுக்களவு எடுக்க. இரண்டு குறுக்களவும் 12 அடி 10 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாய் ஒத்திருப்பின் மூலை சரியாகும். தனியாளாகக் கயிறு பிடித்து மூலை சரிபார்த்தவர் அதை இரண்டாம் முறை செய்ய விரும்பார்.

கப்புகளை மண்ணிற் புதைத்தலாகாது. செம்மண்ணிற் கறையான் மிகுதி. பல இடங்களில் ஓரிரு அடிக்குக் கீழே சுண்ணக்கல் தட்டுப்படுவதால் ஆழக் கிண்டவும் இயலாது. அக்கல்லையே உடைத்துச் சீமெந்திட்டு, நிலமட்டத்துக்கு ஓரடி மேலெழும் எட்டு அடிக்கற்கள் கட்டுக: மூலைகளுக்கு நான்கு, நீளப்பக்க நடுவில் இரண்டு, முகட்டைத் தாங்கும் நடுக்கப்புகளுக்கு இரண்டு. ஒவ்வொன்றிலும் இரும்புப் பட்டமொன்றைப் பதித்து, கப்பை அதனோடு இறுக்குக. 1964 டிசெம்பரில் வீசிய புயலை நினைவிற் கொண்ட முதியோர் இப்பட்டத்தை வீண்செலவென்று கூறமாட்டார்.

கப்புகளை ஒவ்வொன்றாக நிறுத்துக. ஒருவர் கப்பைப் பிடிக்க, மற்றவர் தூக்குக் குண்டினால் நேர் பார்த்துத் தற்காலிக முட்டுக் கொடுப்பார். பனை மிகப் பாரமானது. வளையின் இரு முனையையும் இருவரும் ஒரே வேளையில் உயர்த்தல் வேண்டும். வைரத்தில் ஆணி நேராக இறங்காது, வளையும். அன்றேல் மரம் பிளக்கும். துறப்பணத்தால் முதலிற் துளையிட்டே ஆணி அடிக்க. மூலைகளிற் சாய்வுத் தாங்கிகளை மறத்தலாகாது. அவையில்லாத சட்டம் முதற் பெருங்காற்றில் ஒருபக்கம் சாயும்.

ஓலைக் கூரைக்குச் சரிவு போதாவிடின் நீர் உள்ளே இறங்கும். முகடு பக்க வளைகளுக்கு நான்கடி மேலே நிற்பின் கைமரம் ஏறக்குறைய ஏழடி வேண்டும். தாவாரமும் அதனுள் அடங்கும். தகரம் நெடுநாள் நிற்குமெனினும் நண்பகலில் உள்ளே நின்று வேலை செய்ய இயலாது. சுவரைப் பனஞ்சிலாகையால் அடைத்து, மேலே ஓரடி காற்றுக்கு விடுக.

வடக்குச் சுவரோரம் இடுப்பளவு உயரத்தில் வேலை மேசையொன்றை அமைத்தால், மழை நாளிற் பிடி மாற்றலாம், அரிவாளுக்கு அரம் பிடிக்கலாம். பூச்சிநாசினிக்குப் பூட்டுள்ள பெட்டி தனியே வேண்டும். அது இருக்குங் கொட்டிலில் விதைவெங்காயத்தையோ உண்பொருளையோ வைத்தலாகாது.

முதல் மழை பெய்யும்போது ஒருவர் உள்ளே நின்று, ஒழுகும் இடங்களுக்கு நேரே கைமரத்திற் கரியினால் அடையாளமிடுக. மழை விட்டதும் மற்றவர் மேலேறி அவ்விடங்களில் ஓலை செருகலாம்.