மாடியில ஒரு தக்காளி... மலையில ஒரு உருளை... நடுவுல ஒரு வில்லன்!

மொட்டை மாடியில நாலு க்ரோ பேக். இல்லைன்னா, வார்டன் கண்ணுல படாம ஹாஸ்டல் ஜன்னலோரத்துல ரெண்டு தொட்டி. இப்படி ஒரு பார்ட் டைம் விவசாயி இன்னிக்கு எல்லா டிபார்ட்மென்ட்டுலயும் இருக்கார். பூ வெச்சா ஸ்டேட்டஸ், காய் வெச்சா ஸ்டேட்டஸ்னு அமர்க்களப்படுத்துவார். திடீர்னு ஒருநாள் அடி இலையில பழுப்பா ஒரு புள்ளி. மூணு நாள் கழிச்சுப் பார்த்தா பத்து புள்ளி. அதோட ஸ்டேட்டஸ் நின்னுடும்!

உடனே ஆளாளுக்கு ஸ்டெதஸ்கோப் மாட்டிக்கிட்டு வந்துடுவாங்க. 'வேப்பெண்ணெய் அடி மச்சி', 'புளிச்ச மோர் ஊத்துடி', 'வாடுற மாதிரி இருக்கு, தலையோட தண்ணி ஊத்து'... இதுல அந்தக் கடைசி யோசனைதான் இருக்கிறதுலயே டேஞ்சர். ஏன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி, வந்திருக்கிற ஆள் யாருன்னு தெரிஞ்சுக்கணும். தக்காளிக்கும் உருளைக்கிழங்குக்கும் வர்ற கருகல் நோயில ரெண்டு வகை உண்டு. பேர்தான் ஒண்ணு மாதிரி, குணம் சுத்தமா வேற. ஒண்ணு உங்க செடியோட முடிஞ்சுடும். இன்னொண்ணு, ஊர் பேர் தெரியாத ஒரு விவசாயியோட வருஷ வருமானத்தையே சாப்பிட்டுடும்.

சென்னை, திருச்சி, மதுரைன்னு சமவெளியில இருக்கீங்களா? உங்க மாடிக்கு வர்றது அநேகமா முன்பருவக் கருகல். ஆல்டர்னேரியா என்கிற பூஞ்சையோட வேலை. இதைக் கண்டுபிடிக்க மைக்ராஸ்கோப் எல்லாம் வேண்டாம். புள்ளியை உத்துப் பாருங்க, வட்டத்துக்குள்ள வட்டமா, துப்பாக்கி சுடுற போட்டியில வெச்சிருக்கிற பலகை மாதிரியே இருக்கும். சுத்தி மஞ்சள் வளையம். வயசான அடி இலையில ஆரம்பிச்சு, ஒவ்வொரு படியா மேல ஏறும். (இலை சுருண்டு குட்டியாகிப் போச்சுன்னா அது வேற கேஸ். வெள்ளை ஈ கொண்டு வர்ற வைரஸ். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை.)

இந்தப் பூஞ்சை மண்ணுலயும், போன தடவை செடியோட காய்ஞ்ச குப்பையிலயும் சமத்தா உட்கார்ந்திருக்கும். மேலேர்ந்து தண்ணியை ஊத்தினா மண்ணு தெறிக்கும். தெறிக்கிற மண்ணோட பூஞ்சை விதையும் அடி இலைக்கு ஏறிடும். ராத்திரி முழுக்க இலை ஈரமாவே இருந்தா அதுக்குக் கொண்டாட்டம். அதனாலதான் தலையோட தண்ணி ஊத்தாதீங்கன்னு சொல்றது. காலையில, வேர் பக்கமா மட்டும் ஊத்துங்க. மண்ணு மேல காய்ஞ்ச சருகை ஒரு கை உயரத்துக்குப் பரப்பினா தெறிக்கிறது நின்னுடும். செடி ஓரளவு வளர்ந்ததும், தரையிலேர்ந்து முக்கால் அடி வரைக்கும் இருக்கிற இலைகளைக் கிள்ளி எடுத்துடலாம். புள்ளி வந்த இலையையும் அன்னிக்கே கிள்ளுங்க. ஆனா, இலை ஈரமா இருக்கும்போது கை வைக்காதீங்க. உங்க கையே அடுத்த செடிக்கு நோயைக் கொண்டு போகும்.

அவ்வளவுதான். இது மெதுவா நகர்ற நோய். கிள்ளிக் கிள்ளியே காய் பறிச்சுடலாம். அடுத்த தடவை அதே மண்ணுல தக்காளியோ, கத்தரியோ, மிளகாயோ, உருளையோ வைக்காதீங்க. எல்லாம் ஒரே குடும்பம். கீரையோ கொத்தவரையோ போட்டு மண்ணுக்கு கேப் கொடுங்க. புதுசா விதை வாங்கறவங்க, பெங்களூருல இருக்கிற இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தோட 'அர்கா ரக்ஷக்' கிடைக்குதான்னு கேளுங்க. முன்பருவக் கருகல், இலைச்சுருட்டை வைரஸ், பாக்டீரியா வாடல்னு மூணையும் தாங்குற ரகம் அது.

இப்போ பெரிய வில்லன்.

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் வீடு இருக்கிறவங்க, அங்கே காலேஜ் படிக்கிறவங்க கொஞ்சம் கிட்ட வாங்க. உங்களுக்குத்தான் இந்த மீதிக் கதை. பின்பருவக் கருகல். ஃபைட்டோஃப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ்னு பேர். 1876-ல ஜெர்மன் விஞ்ஞானி ஆன்டன் டி பாரி வெச்சது. அந்த கிரேக்க வார்த்தைக்கு 'செடியை அழிப்பது'ன்னு அர்த்தம். சும்மா வைக்கலை!

பார்க்க பூஞ்சை மாதிரியே இருக்கும், ஆனா பூஞ்சை இல்லை. சொந்தக்காரங்க யாருன்னு தேடிப் போனா பாசி இனத்துல போய் நிக்குது. அதனால இதுக்கு நீச்சல் தெரியும். நிஜமாத்தான். குளிர்ல இதோட வித்துப்பை உடைஞ்சு, வால் வெச்ச குட்டிக் குட்டி வித்துகள் வெளியே வந்து, இலை மேல இருக்கிற மெல்லிய தண்ணிப் படலத்துல நீந்திப் போய் உள்ளே நுழையும். குளிரும் நனைஞ்ச இலையும் இருந்தா போதும். ஜூன்ல தென்மேற்குப் பருவமழை ஆரம்பிச்சு, பனிமூட்டம் இறங்கி, நாள் முழுக்க இலையே காயாத நீலகிரி இதுக்கு சொர்க்கம் மாதிரி.

அடையாளம் என்ன? வட்டம் கிட்டம் எதுவும் இருக்காது. வெந்நீர் கொட்டின மாதிரி, ஈரமான கரும்பச்சைத் திட்டு. சீக்கிரமே கருப்பாகும். அடி இலைதான்னு இல்லை, எங்கே வேணும்னாலும் வரும். அதிகாலையில இலையைத் திருப்பிப் பாருங்க, திட்டோட ஓரத்துல வெள்ளையா மெல்லிசா பஞ்சு. தண்டுலயும் கருப்பு பட்டை. தக்காளிக் காயில எண்ணெய் தடவின மாதிரி கெட்டியான பழுப்புத் திட்டு. வானிலை ஒத்துழைச்சா ஒரே வாரத்துல மொத்தச் செடியும் காலி. இலையில உருவாகிற வித்துகள் காத்துல கிலோமீட்டர் கணக்குல பறக்கும்.

இது என்ன செய்யும்னு தெரிஞ்சுக்க அயர்லாந்துக்குப் போகணும். 1845-ல அங்கே இது கால் வெச்சது. ஏழைகளுக்கு உருளைக்கிழங்கை விட்டா வேற சாப்பாடு இல்லை. அதுலயும் பெரும்பாலும் 'லம்பர்' என்கிற ஒரே ரகம். ஒண்ணு விழுந்தா எல்லாமே விழும். சுமார் 10 லட்சம் பேர் பசியிலும் நோயிலும் செத்தாங்க. அதைவிட அதிகம் பேர் கப்பலேறினாங்க. 1841-ல 81 லட்சத்தைத் தாண்டியிருந்த ஜனத்தொகை 1851-ல சுமார் 65 லட்சம். (பழியை மொத்தமா நோய் மேல போட முடியாது. அந்தப் பஞ்ச காலத்துலயும் அயர்லாந்துலேர்ந்து தானியம் கப்பல்ல வெளியே போய்க்கிட்டுத்தான் இருந்தது. அது பிரிட்டிஷ் அரசாங்கத்தோட கைங்கர்யம்.) அப்போ காயவெச்சுப் பாதுகாத்த உருளை இலைகளிலேர்ந்து டி.என்.ஏ. எடுத்து, அந்தக் கொலைகாரன் எந்த வகைன்னு 2013-ல கண்டுபிடிச்சாங்க. தாவரவியல் லேப்ல ஹெர்பேரியம் ஷீட் ஒட்டும்போது கொட்டாவி விடுற பார்ட்டிகள் இதை நோட் பண்ணவும்!

'அது 1845 பாஸ், இப்போ என்ன?'ன்னு கேட்டா, 2009-க்கு வாங்க. அமெரிக்காவோட வடகிழக்கு மாநிலங்கள். பொருளாதாரம் படுத்திருந்த நேரம், வீட்டுக்கு வீடு காய்கறித் தோட்டம் போட்டாங்க. பெரிய கடைகள்ல வித்த தக்காளி நாத்துல பின்பருவக் கருகல் ஒட்டிக்கிட்டு வந்தது. ஜூன்ல நல்ல மழை, நல்ல குளிர். வாங்கினவங்களுக்கு அது என்ன நோய்னே தெரியலை. 'பார்ப்போம், தேறிடும்'னு விட்டுட்டாங்க. கொல்லைப்புறத்துலேர்ந்து கிளம்பின வித்துகள் பக்கத்துல இருந்த பண்ணைகளுக்குப் போச்சு. ரசாயன மருந்து அடிக்காத இயற்கை விவசாயிகள் பலர் மொத்தத் தக்காளியையும் இழந்தாங்க. கொல்லையில வெச்சவங்களுக்கு நஷ்டம் ஒரு கூடை காய். பண்ணைக்காரங்களுக்கு அது அந்த வருஷத்து சம்பாத்தியம்.

நீலகிரியில அந்தப் பண்ணை பல மைல் தள்ளி இல்லை, உங்க வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கு. ஊட்டி பக்கத்துல முத்தோரையில உருளைக்கிழங்குக்குன்னு 1957-லயே ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1968-ல வெளிவந்த 'குஃப்ரி ஜோதி' ஆரம்பத்துல இந்தக் கருகலைத் தாங்கிச்சு. கிருமி தன்னை மாத்திக்கிட்டே இருக்கிறதால போகப் போக அந்த பலம் குறைஞ்சுபோச்சு. அதனால, தாங்குற ரகம்தானேன்னு அசட்டையா இருக்க முடியாது.

சரி, மலைப்பக்கத்துல உங்க செடிக்கு இது வந்துடுச்சு. என்ன பண்ணலாம்? மனசைக் கல்லாக்கிக்கிட்டு செடியைப் பிடுங்குங்க. கிள்ளிப் பார்க்கலாம், ஒரு வாரம் பார்க்கலாம்கிற பேச்சே வேண்டாம். உள்ளே புகுந்த நோயைக் குணப்படுத்துற வைத்தியம் எதுவும் வீட்டுல இல்லை. வேப்பெண்ணெய் முக்கியமா பூச்சிக்கான சரக்கு, இதுக்கு அதை நம்பி உட்காராதீங்க. பிடுங்கினதை பாலிதீன் பையில போட்டு இறுக்கிக் கட்டி, செடி முழுசா செத்த பிறகு குப்பைக்குக் கொடுங்க. வேலியைத் தாண்டி வீசறது மட்டும் கூடவே கூடாது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன்கிட்ட, 'எங்க வீட்டுல கருகல் வந்திருக்குண்ணே, பார்த்துக்கோங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ஒருநாள் முன்னாடி தெரிஞ்சாகூட அவர் மருந்து அடிச்சுடுவார். சந்தேகமா இருந்தா ஓர் இலையைப் பையில மூடி எடுத்துக்கிட்டு வேளாண் அறிவியல் நிலையத்துல காட்டுங்க.

வர்றதுக்கு முன்னாடி காப்பாத்த ஒரு பழைய மருந்து இருக்கு. போர்டோ கலவை. இதுக்குப் பின்னாடி ஒரு சூப்பர் கதை. ஃபிரான்ஸ்ல போர்டோ பக்கத்துல, ரோட்டோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் திருடறாங்கன்னு மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து பூசி வெச்சாங்க. விஷம்னு பயந்து யாரும் தொடமாட்டாங்க இல்லையா, அதுக்கு! 1882-ல அந்த வழியா போன பேராசிரியர் மில்லார்டே, பூசின கொடி மட்டும் நோயில்லாம நிக்கிறதைப் பார்த்தார். 1885-ல ஃபார்முலாவை வெளியிட்டார். திருடனுக்கு வெச்சது கிருமிக்கு ஆப்பு!

வீட்டு அளவுக்கு, அரை லிட்டர் தண்ணியில 10 கிராம் மயில்துத்தம், இன்னொரு அரை லிட்டர்ல 10 கிராம் சுட்ட சுண்ணாம்பு. பிளாஸ்டிக் பாத்திரம்தான், உலோகம் கூடாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புல கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கலக்கணும். பழைய இரும்பு பிளேடை ஒரு நிமிஷம் முக்கி எடுங்க. செம்பு நிறம் ஒட்டினா சுண்ணாம்பு பத்தலை, இன்னும் சேருங்க. அன்னிக்கே அடிச்சுடணும், இலையோட ரெண்டு பக்கமும் படணும். கையுறை கட்டாயம். இளங்கன்றுக்கு வேண்டாம். அடிக்கடியும் வேண்டாம், தாமிரம் மண்ணுலயே தங்கிடும். இது ரெயின்கோட் மாதிரி. நனையறதுக்கு முன்னாடி போட்டாத்தான் பிரயோஜனம்.

உருளை வெச்சவங்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா வேலை. செடி கருகினதும் அவசரப்பட்டுக் கிழங்கைத் தோண்டாதீங்க. தண்டை அடியோட வெட்டி அப்புறப்படுத்திட்டு ரெண்டு வாரம் பொறுங்க. தோலும் கெட்டியாகும், மேல இருக்கிற வித்துகளும் செத்துடும். அப்புறம் மழை இல்லாத நாளா பார்த்து எடுங்க. வெட்டினா உள்ளே துருப்பிடிச்ச மாதிரி பழுப்பு தெரிஞ்சா அது போச்சு. நல்லதா இருக்கிறதை தாராளமா சாப்பிடலாம், இந்த நோய் மனுஷனுக்கு வராது. விதைக்குன்னு மட்டும் ஒண்ணைக்கூட எடுத்து வைக்காதீங்க. அடுத்த சீசன் வரைக்கும் இது உயிரோட ஒளிஞ்சிருக்கிற இடமே கிழங்குதான். மண்ணுல தவறிப்போன குட்டிக் கிழங்கு தானா முளைச்சாலும் பிடுங்கிடுங்க.