உஷார்! இரண்டு முள்ளும் சேர்ந்தே ஏறுகிறதா?

பழைய காரைப் புதுப்பித்து, டேஷ்போர்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்து வெளியே எடுத்த கையோடு பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் வழக்கத்தைவிட மேலே நிற்கிறதா? எஞ்சின் நிஜமாகவே கொதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பெட்ரோல் முள்ளை நம்பி ஊர் தாண்டாதீர்கள். டேங்க் காலியாகிக் கொண்டிருக்கலாம்!

1960, 70களின் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் போன்ற பிரிட்டிஷ் கார்களில் இந்த இரண்டு மீட்டருக்கும் பேட்டரி மின்சாரம் நேராகப் போவதில்லை. நடுவில் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் என்று ஒரு சின்னத் தகரப் பெட்டி. உள்ளே கம்பி சுற்றிய ஈருலோகத் தகடு சூடேறி வளைந்து இணைப்பை விடும். ஆறியதும் மறுபடி ஒட்டும். இப்படி விட்டு விட்டுப் பாய்வதால் மீட்டருக்குச் சராசரியாக 10 வோல்ட்தான் கிடைக்கும். அந்தக் கம்பி சூடாக வேண்டுமானால் பெட்டியின் உடம்புக்கு எர்த் வேண்டும். எர்த் போனால் தகடு வளையாது, இணைப்பு விடாது, பேட்டரியின் முழு வோல்டேஜும் மீட்டருக்குள் இறங்கும். முள் பொய் சொல்வதோடு மீட்டரின் சுருளும் கருகலாம்.

எர்த்தைத் தின்றது பெரும்பாலும் நாம் ஆசையாய் அடித்த அந்தப் பெயின்ட்தான். மர டேஷ்போர்டில் இன்னும் மோசம். தனிக் கறுப்பு ஒயர் இல்லாவிட்டால் எர்த்தே கிடையாது. மீட்டரை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கைச் சற்று நிறுத்துங்கள். ஸ்டெபிலைசர் உடம்பிலிருந்து பெயின்ட் சுரண்டிய பாடி இரும்புக்கு ஒரு ஒயரைப் பிடித்துப் பாருங்கள். முள் மெல்ல இறங்கினால் குற்றவாளி அகப்பட்டான்.

இதைவிடப் பயங்கரம் ஒன்று உண்டு. எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால் அதைப் பாடியோடு இணைக்க ஒரு எர்த் பட்டை இருக்கும். எஞ்சினை இறக்கி ஏற்றும்போது அதை மாட்ட மறந்தால், செல்ஃப் அடிக்கும்போது நூறு ஆம்பியருக்கு மேல் பாயும் மின்சாரம் வேறு வழி தேடும். அகப்படுவது சோக் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள். அவை பழுக்கக் காய்ந்து டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து புகை வரும். பியூஸ் காப்பாற்றாது, அந்தப் பாதையில் பியூஸே இல்லை! சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டை வைத்திருப்பவர்களும் பானெட்டைத் திறந்து அந்தப் பட்டையைத் தொட்டு அசைத்துப் பார்த்துவிடுங்கள். செல்ஃப் இழுவையாகச் சுற்றி, சோக் குமிழும் சுட்டால், அடுத்த தடவை சாவியைத் திருப்பாதீர்கள்.

டேஷ்போர்டுக்குள் கை விடுமுன் பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றுங்கள். அது எந்த முனை என்று பார்த்துக் கழற்றுங்கள்: 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ்தான் எர்த். அவற்றில் நெகட்டிவ் எர்த்துக்கான எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசரை வாங்கி மாட்டினால், அது அங்கேயே காலி.