கொன்றுண்ணி வேதிக்குறிகளும் தலைப்பிரட்டைகளில் பூச்சிக்கொல்லி நச்சுத்தன்மையும்

குளத்து நீரில் இயற்கையாகக் கலந்திருக்கும் சில வேதிச் சேர்மங்கள், நீர்நில வாழ்வனவற்றின் இளவுயிரிகளுக்குப் பூச்சிக்கொல்லி விளைவிக்கும் கேட்டை மிகுதிப்படுத்துகின்றன. கொன்றுண்ணிகள் நீரில் வெளியிடும் வேதிக்குறிகள் இதற்கு எடுத்துக்காட்டாகும். இவற்றை உணரும் தலைப்பிரட்டைகள் நடமாட்டத்தையும் இரை தேடுவதையும் குறைத்துக்கொள்கின்றன.

ஆய்வு

கார்பரில் என்பது கார்பமேட்டு வகைப் பூச்சிக்கொல்லி. இது நரம்புகளின் இயக்கத்திற்குத் தேவையான அசிடைல்கோலினெசுட்டரேசு நொதியைத் தடுக்கிறது. அமெரிக்காவின் பிட்சுபர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிக் ரெலியா, நேத்தன் மில்சு ஆகியோர் சாம்பல்நிற மரத்தவளையின் தலைப்பிரட்டைகளில் இதனை ஆராய்ந்து, முடிவுகளை 2001-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

நான்கு நாள்களில் பாதி உயிரிகளைக் கொல்லும் செறிவில் 3 முதல் 4 விழுக்காடு மட்டுமே இருந்த கார்பரில், 10 முதல் 16 நாள்களில் 10 முதல் 60 விழுக்காடு தலைப்பிரட்டைகளைக் கொன்றது. கொன்றுண்ணியின் வேதிக்குறிகளும் நீரில் சேர்ந்தபோது இறப்பு 60 முதல் 98 விழுக்காடாக உயர்ந்தது.

முக்கியத்துவம்

பூச்சிக்கொல்லிகளின் நச்சுத்தன்மை பெரும்பாலும் கொன்றுண்ணிகள் இல்லாத ஆய்வகத் தொட்டிகளில், ஒன்று முதல் நான்கு நாள்களுக்குள் அளவிடப்படுகிறது. இயற்கைக் குளங்களிலோ கொன்றுண்ணிகள் இருப்பது இயல்பு. எனவே ஆய்வகத்தில் பாதுகாப்பானதாகத் தோன்றும் அளவு, குளத்துத் தலைப்பிரட்டைகளுக்கு உயிர்க்கொல்லியாக அமையலாம்.