தொழுநோயும் உடலின் காவலும்

தொழுநோயாளி ஒருவர் முழந்தாளிட்டு மன்றாடியபோது ஆண்டவர் இயேசு தம் கையை நீட்டி அவரைத் தொட்டார் என்று மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நம் குடும்பங்களிலோ இந்நோயின் பெயரைக் கேட்டவுடன் அச்சமே மேலோங்குகிறது. இவ்வச்சம் தேவைதானா? இறைவன் நம் உடலுக்குள் வைத்துள்ள காவலை அறிந்தால் விடை கிடைக்கும்.

நோய்க்கிருமி உட்புகுந்ததும் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்களும் வேறு சில புரதங்களும் அதன்மேல் ஒட்டிக்கொள்கின்றன. அதுவே அழிக்கப்பட வேண்டிய கிருமிக்கு இடப்படும் அடையாளம். அதைப் பற்றிக்கொண்டு விழுங்கணுக்கள் என்னும் வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கி அழிக்கின்றன. 1903இல் இலண்டனில் ஆல்ம்ரோத் ரைட், ஸ்டுவர்ட் டக்ளஸ் ஆகிய இருவரும் இதனை ஆராய்ந்து, உணவைப் பக்குவப்படுத்துதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பொருள்களுக்கு ‘ஆப்சொனின்’ எனப் பெயரிட்டனர்.

தொழுநோய்க் கிருமியோ இக்காவலையே தனக்கு வாயிலாக்கிக்கொள்கிறது. விழுங்கப்பட்டாலும் சாகாமல் விழுங்கணுவின் உள்ளேயே தங்கிப் பெருகுகிறது. எதிர்ப்பொருள்கள் அங்கே நுழைய இயலாது. ஆகவேதான் நோய் முற்றியவர்களின் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் மிகுந்திருந்தும் கிருமி அழிவதில்லை. அங்கே இரண்டாவது அடையாளம் ஒன்று தேவைப்படுகிறது. கிருமியை விழுங்கிய உயிரணு, அதன் துணுக்குகளைத் தன் மேற்பரப்பில் எடுத்துக் காட்டுகிறது. ‘டி’ அணுக்கள் அவற்றை இனங்கண்டு, உள்ளிருக்கும் கிருமியைக் கொல்லும் ஆற்றலை விழுங்கணுவிடம் தூண்டுகின்றன. பெரும்பாலோருக்கு இக்காவல் செவ்வனே அமைந்திருப்பதால், கிருமி உட்புகுந்தாலும் நோய் வருவதில்லை.

இக்காவலைத் தடுப்பூசியால் வலுப்படுத்த இயலுமா என்னும் பேராய்வு நம் ஆவடியிலிருந்தே நடத்தப்பட்டது. அங்கிருந்த மத்திய ஜால்மா தொழுநோய் நிறுவனத்தின் களப்பிரிவு, 1991 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏறத்தாழ 1,71,400 பேரைச் சேர்த்துப் பல ஊசிகளை ஒப்பிட்டது. 1998இல் வெளியான முடிவின்படி, பி.சி.ஜி. மட்டும் 34 விழுக்காடும், கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமியுடன் சேர்த்த பி.சி.ஜி. 64 விழுக்காடும் பாதுகாப்பு அளித்தன. 1999இல் அக்களப்பிரிவும் இணைக்கப்பட்டுத் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் உருவானது. அந்நிறுவனம் இன்று அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் இயங்குகிறது.

காவல் தளர்ந்தவர்களுக்கும் நல்ல மருந்து உண்டு. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. நோயின் வகைக்கேற்ப 6 அல்லது 12 மாதங்கள் உட்கொள்ள வேண்டும். சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே நோய் பிறருக்குப் பரவும் நிலை நீங்கிவிடுகிறது. வெளிறிய அல்லது சிவந்த, உணர்ச்சியற்ற தேமல் கண்டால் உடனே காட்டுங்கள். வெட்கத்தால் மறைப்பதே நரம்புகளைக் கெடுத்து, கைகால்களை ஊனமாக்குகிறது.

கிறிஸ்தவத் தம்பதியர் மணமுறிவு கோருவதற்குத் தொழுநோயையும் ஒரு காரணமாக ஏற்றிருந்த சட்டப் பிரிவு 2019இல்தான் நீக்கப்பட்டது. இன்பத்திலும் துன்பத்திலும், உடல் நலத்திலும் நோயிலும் பிரியாதிருப்போம் என்று பீடத்தின்முன் வாக்களித்த நாம், சட்டம் மாறும்வரை காத்திருந்திருக்க வேண்டியதில்லை. உடல் அடையாளமிட்டு விலக்குவது கிருமியைத்தான். நாமோ மனிதரை விலக்குகிறோம். நம் பங்கில் இந்நோயுற்ற ஒருவர் இருப்பாராயின், அவரருகே அமர்ந்து திருப்பலி காண்போம். அவர் இல்லத்திற்குச் சென்று உணவருந்துவோம். ஆண்டவர் காட்டிய வழி அதுவே.