ராஜா வீட்டில் ஒரு ராத்திரி!

ஓசூரில் ஒரு காலத்தில் இங்கிலாந்துக் கோட்டை ஒன்று இருந்தது என்று சொல்லிப் பாருங்கள். சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வரும் பையன்கள், ‘‘எந்த பஸ் ஸ்டாப் சார்?’’ என்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பார்ப்பதற்கு அங்கே மிச்சமாக ஒன்றும் பெரிதாக இல்லை.

விஷயம் இதுதான். வெள்ளைக்காரன் காலத்தில், 19-ம் நூற்றாண்டில், சேலம் கலெக்டராக இருந்தவர் பிரெட் துரை. சேலத்து வெயிலுக்கு ஓசூர் எவ்வளவோ தேவலை என்று இந்தப் பக்கம் வந்தவர், பழைய கோட்டைப் பகுதியில் ஒரு மாளிகையைக் கட்டினார். சாதாரண பங்களா இல்லை... இங்கிலாந்தில் உள்ள கெனில்வொர்த் கோட்டையின் மாதிரி! துரைசானிக்கு அப்படிப்பட்ட கோட்டையில்தான் வாழ வேண்டும் என்று ஆசையாம், அதற்காகவே கட்டினாராம் என்று ஊரில் ஒரு கதை உண்டு. (வீட்டுக்காரி கிரைண்டர் கேட்டாலே பி.எஃப். லோனுக்கு ஓடுகிற ஜாதி நாம். நமக்கு இது புரியாது.)

கடைசியில் அந்த மாளிகை இடிபாடாகத்தான் போனது.

தமாஷ் என்னவென்றால், அசல் கெனில்வொர்த்தும் இடிபாடுதான். 1575-ல் முதலாம் எலிசபெத் ராணி அங்கே 19 நாள் விருந்தாடினார். அடுத்த நூற்றாண்டில் உள்நாட்டுப் போர் முடிந்ததும், 1649-ல், இனி யாரும் இதைக் கோட்டையாகப் பயன்படுத்தக் கூடாது என்று பார்லிமென்ட் தரப்பே இடித்துப் போட்டது. ஆனால் இன்றைக்கும் அங்கே டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுகிறார்கள். இடிந்த சுவருக்கு வசூல்! அந்த வசூலில் மிச்சச் சுவருக்குப் பராமரிப்பு. நம்ம ஊர்க் கெனில்வொர்த்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எங்கள் தளிக்கு வெள்ளைக்காரன் ‘லிட்டில் இங்கிலாந்து’ என்று பெயர் வைத்துவிட்டுப் போனான். பெயர் இருக்கிறது, குளிர் இருக்கிறது, பெங்களூர்க்காரர்கள் கட்டிய பண்ணை வீடுகளும் இருக்கின்றன. கோட்டை மட்டும் இல்லை. சும்மா விடுமா பி.காம். மூளை? ஒரு மாளிகை சாகிறது, இன்னொன்று ஓட்டலாகி ஜம்மென்று நிற்கிறது. ஏன்?

எல்லாம் கூரையில் இருக்கிறது.

பழைய வீடு சுவரிலிருந்து சாவதில்லை சார், மேலேயிருந்துதான் சாகும். ஒரே ஒரு ஓடு நகர்ந்தால் போதும். மழை இறங்கும், உத்தரம் ஊறும், செதில் பிடிக்கும். சுவர் இடுக்கில் காக்கா போட்ட அரச விதை முளைக்கும். முதல் வருஷம் கையால் பிடுங்கி எறியலாம். பத்தாவது வருஷம் அதைப் பிடுங்கினால் சுவரும் கூடவே வரும். இதில் ஒரு மேஸ்திரி புத்திசாலித்தனமாக சுண்ணாம்புச் சுவர் மேல் சிமென்ட் பூசிவிட்டால் முடிந்தது கதை. சுண்ணாம்பு மூச்சு விடும், சிமென்ட் விடாது. ஈரம் உள்ளேயே தங்கி, காரையோடு பெயர்ந்து விழும். ஆக, வருஷா வருஷம் கூரைக்கும் சுண்ணாம்புக்கும் காசு வேண்டும். நூறு அறை வீட்டுக்கு நூறு அறைச் செலவு. வரவுப் பத்தியில் என்ன எழுதுவது?

நம் மகாராஜாக்களுக்கு இந்தக் கேள்வி வந்தது 1971-ல். அரசியல் சட்டத்தின் 26-வது திருத்தம் மன்னர் மானியத்தை நிறுத்தியது. கெட்டிக்காரர்கள் அதற்கு முன்பே முழித்துக்கொண்டார்கள். ஜெய்ப்பூர் ராம்பாக் அரண்மனை 1957-லேயே ஓட்டல். உதய்ப்பூர் ஏரிக்கு நடுவே மிதக்கிற மாதிரி நிற்கும் ஏரி அரண்மனை 1963-ல் ஓட்டல். அது ஜேம்ஸ் பாண்ட் படத்தில் வந்தது 1983-ல்! ஜோத்பூர் உமைத் பவன் இன்னும் சாமர்த்தியம். பஞ்ச காலத்தில் ஜனங்களுக்கு வேலை கொடுப்பதற்காக ஆரம்பித்து 1943-ல் முடித்த 347 அறை அரண்மனை. அதில் ஒரு பகுதி ராஜ குடும்பத்துக்கு, ஒரு பகுதி ஓட்டலுக்கு, ஒரு பகுதி மியூசியத்துக்கு. கூட்டுக் குடும்பத்தில் பாகம் பிரித்த மாதிரி!

இங்கிலாந்துப் பிரபுக்கள் கதையும் இதேதான். அப்பா செத்தால் மகன் கட்ட வேண்டிய வாரிசு வரி கழுத்தை நெரித்தது. நூற்றுக்கணக்கான மாளிகைகளை இடித்துத் தள்ளினார்கள். 1937-ல் நேஷனல் டிரஸ்ட் ஒரு வழி கண்டுபிடித்தது: வீட்டை டிரஸ்டுக்குக் கொடு, நீ உள்ளேயே குடியிரு, ஜனங்கள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.

அவ்வளவு தூரம் எதற்கு, மைசூருக்கு வாருங்கள். சாமுண்டி மலை அடிவாரத்தில் வெள்ளை வெளேரென்று லலித மகால். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் சாயலில், வைஸ்ராய் வந்தால் தங்குவதற்காக நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1921-ல் கட்ட ஆரம்பித்தது. வருகிற விருந்தாளிக்காக ஒரு அரண்மனை! (நம் வீட்டில் விருந்தாளிக்குத் தனித் தலையணை கொடுத்தாலே பெரிய விஷயம்.) 1974-ல் ஓட்டலானது, 2018-ல் மத்திய அரசு நிறுவனத்திடமிருந்து கர்நாடக அரசின் கைக்கு வந்தது. போகிற எண்ணமிருந்தால் அறை கிடைக்கிறதா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். ‘முத்து’ படத்தில் ஜமீன் மாளிகையாக வந்தது இதுதான் என்றால் உங்களுக்கு இன்னும் சட்டென்று புரியும்.

தங்கினால் எப்படி இருக்கும்? உள்ளதைச் சொல்கிறேன். ஒரு அரண்மனை ஓட்டலில் (பெயர் வேண்டாம்) வெந்நீர்க் குழாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. ரூம் பாயைக் கேட்டால், ‘‘தண்ணி ரொம்ப தூரத்துலேர்ந்து வரணும் சார்’’ என்றான். எவ்வளவு தூரம் என்று கேட்க பயமாக இருந்தது. ராத்திரி மரத் தரை தானாக முனகும். கட்டிலில் ஏற முக்காலி வேண்டும். கூரை அத்தனை உயரத்தில் இருப்பதால் ஏ.சி. பாவம், மூச்சு வாங்கும். என் வீட்டுக்காரி மட்டும் காலையில் ஜன்னலோரம் காபியோடு உட்கார்ந்து, ‘‘ஏங்க, இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போலாமா?’’ என்றாள். பில்லைக் காட்டினேன். பேச்சு நின்றது. ஒரு நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி.யே 18 சதவீதம்!

இருந்தாலும் அந்தப் பில்லை நான் வயிறெரிந்து கட்டவில்லை. அதில் ஏதோ ஒரு பங்கு மேலே ஓடு மாற்றப் போகிறது. கண்ணாடிக் கட்டடத்து ஐந்து நட்சத்திர ஓட்டலுக்குக் கொடுக்கும் காசு அப்படிப் போகாது. ஒன்று மட்டும் புக் பண்ணும்போதே கேளுங்கள்: ‘‘ரூம் பழைய கட்டடத்திலா, பின்னால் கட்டிய பிளாக்கிலா?’’ நிறைய இடங்களில் போட்டோவில் இருப்பது அரண்மனை, நமக்குக் கிடைப்பது அவுட்ஹவுஸ்.

நம் தமிழ்நாட்டில் இந்தக் கணக்கு உயிர் போகிற கணக்காக இருப்பது செட்டிநாட்டில்தான். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய பளிங்கு மாதிரிச் சுவர். ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல். பர்மாவில் சம்பாதித்துக் கட்டினார்கள். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்தான், போட்ட முதல் போனது. வீடு மட்டும் மிச்சம்.

அந்த வீட்டுக்கு இன்றைக்கு எத்தனை பங்காளிகள்! ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். ஓடு மாற்ற வேண்டுமென்றால் எல்லாரும் காசு போட வேண்டும். ஓட்டலுக்குக் குத்தகை விட வேண்டுமென்றால் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் முறைத்துக்கொண்டால் போதும், மழை காத்திருக்காது. அப்படி முடியாமல் போன வீடுகளின் தூணும் கதவும் காரைக்குடி பழம்பொருள் கடைகளில் சாய்ந்து நிற்கின்றன. அதை வாங்கிக்கொண்டு போய் நகரத்து ரிசார்ட்டில் ‘செட்டிநாடு ஸ்டைல்’ என்று நட்டு வைக்கிறார்கள். உயிரோடு இருக்கும் வீட்டைக் குத்தகைக்கு எடுக்க ஆளில்லை, செத்த வீட்டின் கதவுக்கு மட்டும் ஏக கிராக்கி!

கையெழுத்து சேர்ந்த வீடுகளும் உண்டு. காரைக்குடி பங்களா 1990-களின் கடைசியிலிருந்து விருந்தாளிகளை வரவேற்கிறது, வாழை இலைச் சாப்பாட்டுக்கே ஒரு தடவை போகலாம். கானாடுகாத்தானில் விசாலம், ஒரு செட்டியார் தம் மகளுக்காகக் கட்டியது. திருமயம் பக்கம் கடியாபட்டியில் சிதம்பர விலாஸ். எல்லாமே வீடுகள்தான், ராஜா கிடையாது, சிம்மாசனம் கிடையாது. முற்றத்தில் உட்கார்ந்தால் மழை நமக்கு முன்னால் விழும், அவ்வளவுதான் ஆடம்பரம்.

கத்திரி வெயிலில் வாடகை குறையலாம், ஆனால் அந்த மண் அப்போது அடுப்பு. தை பிறந்த பிறகு போங்கள். சனி ஞாயிறைத் தவிர்த்து வார நாளில் போனால் அறை சுலபமாகக் கிடைக்கும், பேரம் பேசவும் வாய்ப்புண்டு. ஓசூர்ப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் ஸ்வெட்டரை வீட்டிலேயே வைத்துவிடலாம்.