மட்கார்டில் நின்ற கம்பி

1935இல் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு காரியங்கள் நடந்தன. மைசூரில் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி தம் வீட்டிலேயே வானொலி நிலையம் தொடங்கினார். அதற்கு வைத்த ‘ஆகாசவாணி’ என்ற பெயரைப் பின்னால் நாடே எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ், கூரை முழுதும் எஃகுத் தகடாலான கார்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதுவரை கார்க் கூரை மரச்சட்டமும் துணியும்தான். அதற்குள் கோழிக்கூண்டு வலையைப் பரப்பி ரேடியோவுக்கு ஏரியலாக்கியிருந்தார்கள். எஃகு வந்தபின் அந்த வலையால் பயனில்லை, இரும்புக் கூட்டுக்குள் அலை நுழையாதே. ஏரியல் வெளியே வந்து, நீட்டி மடக்கும் கம்பியாக மட்கார்டில் நின்றது.

மைசூருக்கு அந்தக் கம்பி மற்ற ஊர்களைவிட ஒருபடி கூடுதலாகவே தேவைப்பட்டது. 1955இல் நிலையம் பெங்களூருக்குப் போய்விட்டது. சொந்த வானொலியோடு இருந்த ஊர், சுமார் 140 கிலோமீட்டர் தள்ளி வரும் மத்திய அலைக்குக் காதைத் தீட்ட வேண்டியதாயிற்று. பெங்களூரின் 612 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 490 மீட்டர். பிடிக்க வந்த கம்பியோ ஒரு மீட்டர். இவ்வளவு குட்டையான கம்பியில் கிடைப்பது துளி மின்னழுத்தம். அதைச் சிந்தாமல் செட்டுக்குக் கொண்டுபோவதில்தான் மெக்கானிக்கின் கைவேலை தெரியும்.

அம்பாசிடரோ பியட்டோ, முதல் வேலை மட்கார்டில் ஓட்டை போடுவது. ஓட்டையின் அடிப்பக்கத்துப் பெயிண்டைச் சுரண்டி இரும்பு பளபளத்தால்தான் எர்த் பிடிக்கும். மேலே ரப்பர் வாஷர் சரியில்லையென்றால் இரண்டே மழைக்காலத்தில் துரு தின்றுவிடும். ஏரியல் ஒயர் தனி ரகம்: நடுவில் மெல்லிய கம்பி, சுற்றிலும் பெரும்பாலும் காற்று. மின்தேக்கம் குறைவாக இருக்க அப்படிச் செய்தார்கள். அங்கே டிவி கேபிளை ஒட்டுப்போட்டால் வந்த துளியும் வழியிலேயே போய்விடும். இன்றும் சிலர் அதைச் செய்துவிட்டு ரேடியோவைத் திட்டுகிறார்கள். கடைசியாக, 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பலவீனமான நிலையத்தை வைத்துக்கொண்டு, செட்டிலுள்ள சிறு திருகைச் சத்தம் உச்சத்துக்கு வரும்வரை திருப்ப வேண்டும். இதற்கெல்லாம் மேலே அந்தக் காலத்தில் தபால் நிலையத்தில் ரேடியோ லைசென்ஸும் எடுக்க வேண்டியிருந்தது. தெருப் பிள்ளைகள் கம்பியை வளைத்துப் பார்ப்பது தனிக் கதை.

பின்னால் மைசூருக்குத் திரும்பிவந்த ஆகாசவாணி இன்று ஊருக்குள்ளேயே 100.6 மெகாஹெர்ட்ஸில் எஃப்.எம். தருகிறது. அந்த அலையில் கால்பங்கு 75 சென்டிமீட்டர்தான். அதைவிடக் குட்டைக் கம்பியும், கண்ணாடிக்குள் ஓடும் இழையும், கூரையில் சுறாத்துடுப்பு போன்ற மொட்டும் ஊருக்குள் போதும். மட்கார்டுக் கம்பி காணாமல் போனதில் யாருக்கும் வருத்தமில்லை.

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் நகலைக் கட்டுகிறவர்களிடம் மட்டும் பழைய கேள்வி திரும்பி வருகிறது. போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டருக்கு எஃகு உடல், ஏசி கோப்ராவுக்கு அலுமினியம். நகல்களில் பெரும்பாலானவை பைபர் கிளாஸ். நம் நாட்டிலேயே லோட்டஸ் செவன் சாயலில் செய்த சிங்காரா ரோட்ஸ்டரும் பைபர்தான். பைபர் உடலில் பெயிண்டைச் சுரண்டி எர்த் எடுக்க என்ன இருக்கிறது? மட்கார்டின் அடியில் ஓரடி, ஒன்றரை அடிக்குத் தகடு ஒட்டி, பின்னல் செம்புப் பட்டையால் சேஸிஸோடு இணைக்க வேண்டும். அதைச் செய்யாமல் குரோம் கம்பியை மட்டும் நட்டால் அது அலங்காரம். இன்னொரு தொல்லை பானெட். இரும்பு பானெட் இஞ்சினின் தீப்பொறி இரைச்சலை உள்ளேயே அடக்கிவிடும். பைபர் வெளியே விட்டுவிடும். எஃப்.எம். ஓரளவு தாங்கும். மத்திய அலையில் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சீறல் ஏறும். ரெசிஸ்டர் பிளக் போடுவதும், ஏரியலை இஞ்சினுக்கு எதிர்முனையில் வைப்பதும்தான் வழி. கோப்ரா நகலுக்கு டிக்கிப் பக்கம், பின்னால் இஞ்சின் உள்ள ஸ்பீட்ஸ்டர் நகலுக்கு முன்பக்கம்.

என் கட்சி, ஓட்டையே போடாதீர்கள் என்பது. அந்தக் காலத்து ரோட்ஸ்டர் பலவற்றில் ரேடியோ தனிக்காசு கொடுத்தால்தான் வரும். வெறும் மட்கார்டுதான் அசலுக்கு நெருக்கம். அலைக்குப் பைபர் தடையுமில்லை. ஊருக்குள் ஓட்ட, 75 சென்டிமீட்டர் ஒயரை டிக்கியின் உட்சுவரில், இரும்புச் சட்டங்களிலிருந்து விலக்கி ஒட்டினாலே எஃப்.எம். பாடும். 1935க்கு முன் கூரைத் துணிக்குள் வலை விரித்தவர்கள் செய்ததும் ஏறக்குறைய இதேதான். பெங்களூரின் 612ஐ ஓடும் வண்டியில் கேட்டே ஆகவேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு மட்டும் வெளியே நீளக் கம்பி, அடியில் தகடு, பழைய ரக ஒயர். துளை போடுமுன் கம்பியை உயரே இழுத்துப் பிடித்து, டிக்கி மூடி திறக்கும்போது அதில் இடிக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பைபரில் தவறான இடத்தில் விழுந்த துளையை அடைக்க வெல்டிங் உதவாது, பிசினும் கண்ணாடியிழைப் பாயும் போட்டு உலரவிட்டு மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டும்.